யானைக் காலருகே ஒரு நாய்

மழை விட்ட சனிக்கிழமை.
வூவாலாய்த் தெரு முழுக்க டிக் டிக் டிக்.
லம்பூனிலிருந்து பஸ்ஸில் தூங்கியே வந்த மகன்
அந்தச் சத்தத்தில்தான் கண்ணைத் திறந்தான்.

கோயில் மொத்தமும் தகடு.
கூரை தகடு, நாகத்தின் செதில் தகடு,
கதவு, தூண், சுவர், சுவரில் அலைகிற மேகம்.
வெள்ளி கொஞ்சம், மிச்சம் அலுமினியம் என்று
உண்மையைச் சொன்னாள் புவாசோன்,
விலை கேட்காத எங்களிடமும்.

செருப்பைக் கழற்றிய பிறகுதான் அறிவிப்பைப் பார்த்தேன்:
பெண்கள் உள்ளே வரக் கூடாது.
அடியில் ஏதோ புதைத்திருக்கிறார்களாம்,
பழைய காலத்து மந்திரம்.
ஈரக் கல்லில் வெறுங்காலோடு நின்றேன்.
மறுபடி மாட்டவும் மனம் வரவில்லை.
வாசலிலிருந்து பார்த்தால்
புத்தரின் ஒரு முழங்கால் தெரிந்தது.
அதைக் கும்பிட்டேன்.

"இடது சுவரில் மூணாவது பலகை என்னுது"
என்றாள் புவாசோன், பட்டறையில் இருந்தபடியே.
ஏழு மாத வேலை.
அரக்குப் படுக்கையில் தகட்டைக் கவிழ்த்து
முதுகுப் பக்கம் தட்டித் தட்டி
யானையின் வயிற்றை அந்தப் பக்கம் தள்ளியவள்.
நாலு ஆண்கள் வந்து தூக்கிப் போனார்கள்.
அதன்பின் அவள் அதைப் பார்த்ததில்லை.

"உன் பேர் மோக்தானே? ஒன்பது வயசா?
போதும், நீ ஆம்பளை.
யானைக் காலருகே ஒரு நாய் அடிச்சிருக்கேன்.
கமிட்டிக்குத் தெரியாது.
இருக்கா, தேய்ச்சுட்டாங்களான்னு பார்த்துட்டு வா."

போனவன் வர வெகு நேரமாயிற்று.
அவள் உளியை மூன்று முறை மாற்றினாள்,
எதையும் அடிக்காமல்.

"நாய் இல்லை," என்றான் வந்து.
"ஒரு பன்றி இருக்கு."

பட்டறையே நின்றுவிட்டது.
பிறகு அவள் சிரித்த சிரிப்பில்
அரக்குச் சட்டியருகே படுத்திருந்த அசல் நாய்
எழுந்து ஒருமுறை குரைத்தது.
கழுத்துப் பெருத்து, வால் சுருண்டு,
சத்தியமாகப் பன்றிதான்.

என் போனில் அவன் எடுத்த படம் ஆடியிருந்தது.
தகட்டில் அவன் முகம், பல் விழுந்த வாய்,
அதன்மேல் நடக்கிறது யானை.
இரண்டு விரலால் பெரிதாக்கினாள்.
நாயைத் தாண்டி, தும்பிக்கையைத் தாண்டி
ஓர் இடத்தில் நிறுத்தினாள்:
"இந்தக் காதுக்கு இன்னும் ஓர் அடி வேணும்."

படத்தை அனுப்பட்டுமா என்றேன்.
வேண்டாம் எனத் தலையசைத்து
கையிலிருந்த தகட்டைக் கவிழ்த்துப் போட்டாள்.
டிக்.