நான் உதுகள் பாக்கிறேல்லை

சுன்னாகம் மின்சார சபை,
காசு கட்டுற மூண்டாம் யன்னல்.
திங்கக்கிழமை காலமை
பாக்கியநாதன் அண்ணை தாளை எண்ணிக்கொண்டு கேட்பார்:
"ராத்திரிப் பாத்தனியோ பிள்ளை,
பரந்தன் பெடியன்ரை பாட்டு?"
நான் உதுகள் பாக்கிறேல்லை எண்டு
முத்திரையைக் கொஞ்சம் கூட அழுத்திக் குத்துவன்.

பாக்கிறனான்.
சனி, ஞாயிறு, ஒன்பதரைக்கு,
கதவைச் சாத்தி
சத்தத்தைப் பதினொண்டில வைச்சு
இடியப்பம் ஆறிப்போக.
சென்னையில ஏதோ ஒரு கொட்டகைக்குள்ள
நீலமும் ஊதாவுமா வெளிச்சம் சுழலும்.
எத்தினை யூனிற் ஓடும் எண்டு
என்ரை விரல் தன்பாட்டில கணக்குப் போடும்.

தர்மிலன் எண்டு பேர். பத்தொன்பது வயசு.
மேலே போகேக்கை கண்ணை மூடுவான்,
தொண்டைக்குழி துடிக்கிறது கிட்டத்தில தெரியும்.
நல்லாப் பாடுறான்.
இதை நான் முதல்ல சொல்லியிருக்கவேணும்.
அங்கையும் ஒருத்தரும் முதல்ல சொல்லேல்லை.

முதல்ல வயலின்.
பிறகு கறுப்பு வெள்ளையாக்கின பனை
(பச்சையாத்தான் நிண்டிருக்கும், படம் எடுக்கேக்கை).
பிறகு தாய், மடியில ஒரு போட்டோ.
"பெரிய பையன் எப்போம்மா காணாமப் போனாரு?"
திகதி, சந்தி, போட்டிருந்த சேட்டின்ரை நிறம்,
தாய் தட்டாமல் சொல்லுது.
கனதரம் சொல்லிப் பழகினால்தான் அப்பிடி வரும்.

எங்களுக்குக் கச்சேரி எண்டால்
பாட்டில்லை, படிவம்.
மூண்டு ஆணைக்குழுவுக்கு முன்னால
நானும் சொன்னனான்:
தம்பி ரமணீதரன், நாவல் நிறச் சேட்டு.
எழுதினவர் தலை நிமிரேல்லை.
மை முடிஞ்சு
வேறை பேனை தேடினார்.

இஞ்சை, நாற்பது செக்கனில,
நடுவர் மூண்டு பேரும் அழுகினம்.
ஒராள் மேடையால இறங்கி வந்து
தாயின்ரை காலைத் தொடுறார்.
விளம்பரம். சமையல் எண்ணெய்.

வெக்கமாக் கிடக்கும்.
அந்த அழுகைக்கும் ஒரு எண்ணெய்க் கொம்பனி
காசு கட்டுது எண்டு தெரியும்.
தெரிஞ்சும்
ஒரு ஆள் நிமிர்ந்து பாத்தவர் எண்டது
எனக்குள்ள வந்து குந்தியிட்டுது,
எழும்பு எண்டால் எழும்பாது.

ஆறாம் கிழமை அவன் 'ஓம்' சொல்லுறதை விட்டிட்டான்.
'ஆமா சார்' எண்டான்.
'பேந்து' இருந்த இடத்தில 'அப்புறம்' வந்தது.
கோவத்தில சனலை மாத்தினன்.
மற்றதில ஒரு பொம்பிளை
நண்டுக்கறிக்கு உப்புக் கூடிப்போச்செண்டு
தேம்பிக்கொண்டு நிண்டா.
திரும்பி வந்தன்.

வாக்குப் போட இலங்கை நம்பர் செல்லாதாம்.
திருச்சி முகாமில இருக்கிற மச்சாள் லோஜினிக்கு
ஐஞ்சு போட்டுவிடு எண்டு எழுதினன்.
அழிச்சன்.
பேந்தும் எழுதினன்.
"பத்துப் போட்டாச்சு, முகாமே போடுது" எண்டு பதில்.
முப்பத்துநாலு வருசத்தில
அவை போட்ட முதல் வாக்கு.

கடைசிச் சுற்று.
மூண்டு பேர் வெளிச்சத்துக்குள்ள கைகோத்தபடி.
அறிவிப்பாளர் உறையைக் கிழிக்கேக்கை
கரண்ட் போட்டுது.
மல்லாகம் மட்டும் இருட்டு.
உடனை போன் அடிச்சது, மங்களேஸ்வரி அக்கா:
"எப்ப வரும்? நீ அங்கைதானே வேலை!"
நான் காசு வாங்கிற ஆள் அக்கா.
அந்தரப்படுறியள், என்ன பாத்தனீங்கள்?
"ஒண்டுமில்லை. சும்மா."

இன்வேட்டர் பூட்டின கனடாக்காரர் வீட்டில மட்டும்
ஒரு ரீவி ஓடிக்கொண்டிருந்தது.
முத்தத்துக்கு வந்தன்.
மங்களேஸ்வரி அக்கா தன்ரை மதிலோரம்.
எதிர்வீட்டுக் கெமிஸ்ரி மாஸ்ரர்
கேற்றைப் பிடிச்சபடி.
ஒருத்தரும் ரோர்ச் அடிக்கேல்லை.
பேர் வடிவாக் கேக்கேல்லை, கைதட்டல்தான் கேட்டது,
ஆருக்கெண்டு தெரியாமல்.
மாஸ்ரரும் இருட்டுக்குள்ள
ரெண்டு தரம் தட்டினார்,
நுளம்புக்கு எண்ட மாதிரி.