போல்ட் என்னிடம் இருக்கிறது

துப்பாக்கியின் போல்ட் என்னிடம்.
குழல், ஏரிக்கு அந்தப் பக்கம் ஹில்க்கா வீட்டு அலமாரியில்.
மரக்கட்டை மட்டும் என்சியோவிடம்:
அதை வைத்துக்கொண்டு எவராலும் எதுவும் செய்ய முடியாது.

போன அக்டோபரில் அவனேதான் பிரித்துக் கொண்டுவந்தான்.
"என் வீட்டில் முழுசாக வேண்டாம்" என்றான்.
காபி ஆறும்வரை
எல்க் மான் வேட்டைக் கணக்கையே பேசினோம்.

குஹ்மோ கடைக்காரர் சொன்னார்:
வெறும் கையால் தொடாதீர்கள்,
இரும்பை அரிக்க விரல் உப்பே போதும்.
தோலுறை வேண்டாம், ஈரம் குடிக்கும்.
சவுனா பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

கையுறை போட்டுத் துடைத்தேன்.
ரொட்டிக்கு வெண்ணெய் போல கிரீஸ் தடவி
மெழுகுத்தாளில் சுற்றி
ஈரம் உறிஞ்சும் மணிப் பொட்டலம் இரண்டு சேர்த்து
பிஸ்கட் டப்பாவில் அடைத்தேன்.
மணி நீலமாக இருந்தால் சரி.
இளஞ்சிவப்பானால் அடுப்பில் வாட்ட வேண்டும்.

மார்ச்சில் இளஞ்சிவப்பு.
வாட்டினேன்.
ஜூனில் மறுபடி.

துருப்பிடித்தே போகட்டுமே என்று
ஒரு ராத்திரி தோன்றியது.
விடிந்ததும் படகெடுத்துக்கொண்டு ஹில்க்காவிடம் போனேன்.
குழலுக்குள் எண்ணெய்த் துணி விட்டுக்கொண்டிருந்தாள்.
"ஒருநாள் திருப்பிக் கேட்பான்.
கேட்கிற அன்றைக்குத் துருவையா கொடுப்பது?"

நேற்று கடையில் என்சியோவைப் பார்த்தேன்.
தூண்டில் முள் வாங்கிக்கொண்டிருந்தான்,
சின்னது, பெர்ச் மீனுக்கு.
போல்ட் பற்றிக் கேட்கவில்லை.
நானாகச் சொன்னேன்: நீலமாகத்தான் இருக்கிறது.

அவனுக்குப் புரியவில்லை.
ஆனாலும் தலையாட்டினான்,
முள்ளை எண்ணிக்கொண்டே.