ஒன்பது

பாடாங் செராய் கடைவீதி, மாடி அலுவலகம்.
குளிர்சாதனம் சொட்டும் வாளிக்குப் பக்கத்தில்
என் மேசை.
கீழே ரொட்டி சானாய் வீசித் தட்டும் ஓசை
பத்து மணிக் கூட்டத்துக்குள் ஏறி வரும்.

முந்நூறு ஏக்கர் செம்பனை. வயது இருபத்தாறு.
அலுமினியக் கழி இரண்டை இணைத்தும்
அரிவாள் குலையை எட்டத் திணறுகிறது.
கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டு
அண்ணாந்தே வெட்டுகிறான் பச்சைநாதன்.
அதை நான்
'மகசூல் சரிவு' என்று தட்டச்சு செய்தேன்.

அப்படியே விடலாம்.
வீடமைப்புக்காரனுக்கு விற்கலாம்.
சாய்த்துவிட்டு மறுநடவு செய்தால்
மூன்று ஆண்டுக்கு
மண் வாங்கிக்கொண்டே இருக்கும், கொடுக்காது.

அந்த மூன்று ஆண்டை யார் தாங்குவது?
வங்கியின் புவான் நோர்ஹயாத்தி தாங்குவார்,
நிலப்பட்டாவைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு.
மழையா வறட்சியா என்று கேட்கமாட்டார்,
மாதம் பிறந்தால் வட்டி கேட்பார்.
சுங்கை பட்டாணி ஊய் சகோதரர்கள் தாங்குவார்கள்.
வட்டியே வேண்டாம் அவர்களுக்கு,
இந்த மேசையில் இரண்டு நாற்காலி போதும்.
இல்லையென்றால் பங்குதாரர்களே,
இவ்வருட லாப ஈவைத் தொடாமல்.
இதைச் சொன்னபோது
எல்லாரும் தேநீரைக் கலக்கத் தொடங்கினார்கள்,
சீனி போடாதவர்களும்.

கடைசியில் எல்லாம் ஓர் எண்ணில் வந்து நின்றது.
ஒன்பது விழுக்காடு வைத்தால்
எட்டாம் ஆண்டில் வரும் ஒரு வெள்ளி
இன்றைக்கு ஐம்பது காசு.
பன்னிரண்டு வைத்தால் நாற்பது.
அந்தப் பத்துக் காசுக்குள்தான்
முந்நூறு ஏக்கரும் நிற்பதும் சாய்வதும்.

ஒன்பது எங்கிருந்து வந்தது?
யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
போன புதன்கிழமை, படிக்கட்டில்,
சப்பாத்துக்குள் காலை நுழைத்தபடி
இயக்குநர் தேவசகாயம் சொன்னார்,
"ஒன்பது போடும்மா, போதும்."
போட்டேன்.
விடைக்கு அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

யாரோ கன்றுகளைப் பற்றிக் கேட்டார்.
போன ஆண்டே முன்பணம் கட்டியாயிற்று,
பதினாறாயிரத்து ஐந்நூறு,
நாற்றங்காலில் கறுப்புப் பைகளில் நிற்கின்றன.
"போன காசு போனதுதான்,
இன்றைய முடிவில் அதைச் சேர்க்கக் கூடாது."
பரீட்சைக்குப் படித்ததை அப்படியே ஒப்பித்தேன்.
தலையாட்டினார்கள்.

ஆறு பேரில் நாலு கை உயர்ந்தது.
மறுநடவு. பாதி வங்கிக் கடன், பாதி ஈவு.
தேவசகாயம் கை தூக்கும்போது
கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டார்.

மாலை வீடு திரும்பும் வழியில்
நாற்றங்காலில் வண்டியை நிறுத்தினேன்.
ஒரு பையைத் தூக்கிப் பார்த்தேன், வரவில்லை.
அடியைக் கிழித்துக்கொண்டு
வேர் தரைக்குள் இறங்கியிருந்தது.
அடுத்ததும் அப்படியே.
அதற்கடுத்ததும்.

நாளைக்கு ஆள் போட வேண்டும்,
வரிசை வரிசையாய் வேரை அறுத்து
பைகளை நகர்த்தி வைக்க.
அந்தக் கூலியை
எந்தத் தலைப்பில் எழுதுவது என்று
யோசித்துக்கொண்டே இருக்கிறேன்,
விரல் நகத்தில் மண்.