அட்டை

பத்தொன்பது வருடமாய்க் கேட்கிறான் பெக்கி,
ஹோவர்ட் கல்லூரி வாசலில்:
“அட்டை, புரொஃபசர்?”
என் பெயர் தெரியும்,
மேடேறும்போது என் கார் இருமுவது தெரியும்,
கேட்பான்.

முந்தாநாள் டர்பன் முழுக்க மின்வெட்டு.
ஜெனரேட்டர் இரைச்சலுக்குள் திரையைப் பார்த்தால்
மடகாஸ்கருக்கு மேலே எங்கள் குட்டிச் செயற்கைக்கோள்
யார் சொல்லியோ முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.
என் சாவி. என் நேரம்.
அவசரத்தில் நான் வழக்கமாய் விடும் எழுத்துப்பிழைகூட.
ஆறு வருடம் நான் பழக்கிய ஏஐ,
காவலுக்கென்றே பழக்கியது,
தொண்ணூற்றொன்பது சதம் நீதான் என்றது.

தூங்காமல் வந்தேன்.
கேட்குமுன்பே அட்டையை நீட்டினேன்.
பெக்கி அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
மறுபடி அதை.
“இது நீங்கள்தானா?”
சும்மா, சிரிக்கத்தான் கேட்டான்.
தடுப்புக் கட்டை இறங்கியே இருந்தது.
மீதி ஒரு சதத்தில் நின்றுகொண்டிருந்தேன்.
பின்னால் மினிபஸ் ஹாரன்.