ரொக்கம் மட்டும்

பெட்டி பதினொன்றைத் திறந்ததும்
முதலில் கையில் ஒட்டியது துருதான்.
நூற்றறுபது வருடக் குண்டூசிகள்.
ஒவ்வொன்றாய் நெம்பி எடுத்துவிட்டு
பித்தளைக் கிளிப் மாட்டுகிறேன்.
ஊசி இருந்த இடத்தில்
சிவப்பாய் இரண்டு துளைகள்,
சின்னப் பாம்பொன்று கொத்திவிட்டுப் போனதுபோல்.

ஒபதியா கிராப்ட்ரீ.
கைத்தறிக்காரர் மகன், மதுவிலக்குப் பேச்சாளர்,
லங்காஷயரில் ஆக்கன்ஷா கூட்டுறவுப் பண்டகசாலையின்
செயலாளர், முப்பத்தொரு வருடம்.
மாவில் சுண்ணாம்பு கலந்தவர்களை,
வேலியோர இலைக்குச் சாயமேற்றித்
தேயிலை என்று விற்றவர்களைப்
பெயர் சொல்லிப் பத்திரிகையில் திட்டியவர்.
கையெழுத்து மட்டும் கோழி கிளறியது.

விதிகளை எழுதியதும் அவர்தான்.
ஒன்பதாவது: எடைக்கற்களைச் சனிக்கிழமைதோறும்
எல்லோர் கண்முன்னும் சோதிக்க வேண்டும்.
பதினான்காவது: பெண்களுக்கும் வாக்கு உண்டு.
இருபத்தொன்றாவது: எவருக்கும்
எக்காரணம் கொண்டும் கடன் இல்லை.

இன்று ரொக்கம்,
நாளையும் ரொக்கம்.

அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று
அவசரப்பட்டுச் சொல்லிவிட வேண்டாம்.
முதலாளியின் கடையில் கடன் வைத்தே
அவருடைய அப்பா செத்தார்.
செத்த பிறகும் நான்கு வருடம்
அம்மாவின் கூலியில் பிடித்தார்கள்.

கட்டு நான்கு. நவம்பர் 1862.
அமெரிக்காவில் சண்டை; பருத்தி வரவில்லை.
உறுப்பினர் எண் 88, கெசையா லம் எழுதுகிறார்:

ஐயா, மில் நின்று பதினொரு வாரம்.
பங்குப் பணத்தை செப்டம்பரிலேயே எடுத்துத் தின்றாயிற்று.
பத்து நாளைக்கு மாவு போதும்.
மில் திறந்ததும் முதல் கூலியில் தருகிறேன்.
எனக்கு எழுத வராது,
இதை எழுதுவது கீழ்வீட்டு ஜெமைமா.
அவள் வீட்டிலும் மாவு இல்லை,
ஆனால் அதை எழுத வேண்டாம் என்கிறாள்.

பின்னாலேயே அவருடைய பதில்.
பதில் இல்லை, பதிலின் வரைவுகள்.
முதலாவது நான்கு பக்கம்:
கடன் என்பது என்ன, எங்கே தொடங்குகிறது,
புள்ளிவிவரம், அப்பா.
இரண்டாவதில் புள்ளிவிவரம் இல்லை.
அடுத்ததில் அப்பாவை அடித்திருக்கிறார்.
ஐந்தாவதில் விதி எண் மட்டும்.
ஆறாவது பாதியில் கிழிந்தது.
ஏழாவதில்
'அன்புள்ள திருமதி லம்,'
அதன் பிறகு வட்டமாய் ஒரு கறை.

கண்ணீர் என்றாள் பெர்னிஸ், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.
தேநீர் என்றேன் நான்.
சாயமேற்றாத நல்ல தேயிலை.

நகல் புத்தகத்தில் தேடினேன்.
வெங்காயச் சருகுபோன்ற தாள்கள்,
ஒளியில் பிடித்துப் பின்புறமாய்ப் படிக்க வேண்டும்.
அந்த வாரம் பதினோரு கடிதங்கள் போயிருக்கின்றன.
கூரை ஒழுகுவது பற்றி,
ஹல் துறைமுகத்தில் தேங்கிய சீஸ் பற்றி,
பிரிஸ்டலில் ஒரு சொற்பொழிவு பற்றி.
கெசையாவுக்கு ஒன்றும் இல்லை.
நேரில் போய்ச் சொல்லியிருக்கலாம்.
சொல்லாமலும் இருந்திருக்கலாம்.
உறுப்பினர் பதிவேட்டில் 88
சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருக்கிறது.
காரணம் எழுதும் கட்டம் காலி.
ஜனவரியில் அதே எண்ணை
ஒரு செருப்புத் தைப்பவருக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

படிவத்தில் என்ன போடுவது என்று கேட்டதற்கு
'கூட்டுறவுக் கொள்கை: கடிதப் போக்குவரத்து' போதுமே என்றார் மேலாளர்.
நல்ல மனிதர். மூன்று வருடப் பட்ஜெட்,
நாற்பது பெட்டி, ஒரே ஆள்.

கட்டை மறுபடி அடுக்கும்போதுதான் பார்த்தேன்.
மற்ற கட்டுகளில் மூலைக்கு இரண்டே துளை.
இதில் மூலை முழுக்கச் சல்லடை.
இருபத்தாறு வரை எண்ணினேன்,
அதற்குமேல் தாள் உதிர்கிறது.
ஒரே ஊசி,
எடுத்து, குத்தி,
எடுத்து, குத்தி.

படிவத்தில் துளைகளுக்கென்று கட்டம் இல்லை.
'நிலை: சுமார்' என்று தட்டிவிட்டு
பெட்டி பன்னிரண்டை இழுக்கிறேன்.
அதில் சீஸ் பற்றி நிறைய இருக்கிறது.