எத்தனை திராட்சை

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு.
கிறிஸ்துமஸுக்கு முந்தைய நள்ளிரவில்
மிருகங்கள் மனிதரைப் போலப் பேசுமாம்.
ஒட்டுக்கேட்டவனுக்கு ஆகாதாம்.

லூப்ளினில் நான்கு மணிக்கே இருட்டிவிட்டது.
முதல் நட்சத்திரம் மேகத்துக்குள்.
அக்கா ஒட்டிலியா கடிகாரத்தை நம்பி
எங்களைச் சாப்பிட உட்கார்த்தினாள்.
மேஜைவிரிப்பின் அடியில் ஒரு பிடி வைக்கோல்,
பன்னிரண்டு பதார்த்தம்,
வராத விருந்தாளிக்கு ஒரு வெறுந்தட்டு.

அக்கா கெட்டிக்காரி.
ஃப்ரிட்ஜ் கதவில் சிவப்பு மையில் ஒரு சீட்டு:
ஃபிகாவுக்குச் சாக்லேட் கூடாது
வெங்காயம் கூடாது
மீன்முள் கூடவே கூடாது.
கெண்டையின் முள்ளைத் தானே பொறுக்கி
மூடிபோட்ட வாளிக்குள் பூட்டாத குறையாகப் போட்டாள்.

பிறகு குத்தியா வந்தது.
கோதுமை, கசகசா, தேன்,
ஊறிப் பருத்த உலர்திராட்சை.
எனக்குத் திராட்சை இறங்காது.
நாற்பத்தாறு வயதில் அதைச் சொல்ல வெட்கம்.
என் செருப்பின்மேல் மோவாயை வைத்துப்
படுத்திருந்தது ஃபிகா.
ஒவ்வொன்றாய் ஒதுக்கி
விரலைக் கீழே நீட்டினேன்.
சூடான நாக்கு.
யாருக்கும் தெரியாத எங்கள் ஒப்பந்தம்.

பதினோரு மணிக்குக் கம்பளத்தில் வாந்தி.
அதில் ஐந்து திராட்சை.
“ஜெனோன்!” என்றாள் அக்கா.
போன ஈஸ்டருக்குப் பன்றித்தொடையை ஊட்டி
மாட்டிக்கொண்டவர் அத்தான்;
மறுக்க வாய் வரவில்லை அவருக்கு.
எனக்கும் வாய் வரவில்லை.

மருத்துவர் ஹால்ஷ்கா
வெல்வெட் கவுனின்மேல் வெள்ளைக் கோட்டு மாட்டியிருந்தார்.
“ஒன்பது கிலோ உடம்பு.
சில நாய்க்குக் கைப்பிடி தின்றாலும் ஒன்றுமில்லை,
சிலதுக்கு நாலைந்திலேயே சிறுநீரகம் போய்விடும்.
எத்தனை திராட்சை? எப்போது?”
எல்லோரும் ஜெனோனைப் பார்த்தார்கள்.
ஜெனோன் தன் பூட்ஸைப் பார்த்தார்.
எங்கோ மணி அடிக்கத் தொடங்கியது.

ஃபிகா என்னைப் பார்த்தது.
வாயைத் திறந்தது.
நடுங்கிப்போனேன், நம்புங்கள்,
சொல்லிவிடப் போகிறது என்றே நினைத்தேன்.
கொட்டாவி.
அவ்வளவுதான்.
எனக்காக அது வைத்துக்கொண்ட ரகசியம்
அதன் வயிற்றில் கரைந்துகொண்டிருந்தது.

“பதினேழு,” என்றேன்.
“ஏழரை மணிக்கு.
நான்தான்.”

ஊசி போட்டார்கள்.
எஃகுத் தட்டில் ஒன்பது விழுந்தது.
மருத்துவர் கிடுக்கியால் எண்ணினார், கம்பளத்தின் ஐந்தையும் கூட்டினார்,
மீதி மூன்றை என் முகத்தில் தேடினார்.
இரண்டு நாள் சலைன், பிறகு ரத்தப் பரிசோதனை.
வெளியே பனியில் நின்று
ஜெனோன் எனக்கொரு சிகரெட் நீட்டினார்.
திட்டியிருக்கலாம்.

விடிகாலையில் வீடு திரும்பித்
தண்ணீர் எடுக்கப் போனபோது பார்த்தேன்:
சீட்டுக்கு நான்காவது வரி ஒன்று இருந்திருக்கிறது.
அதன்மேல் காந்தம்,
காந்தத்தின் அடியில் மீன்கடை ரசீது.
ஒட்டியவன் நான்.

அக்கா மேஜையை ஒழித்துவிட்டாள்.
வராத விருந்தாளியின் தட்டை மட்டும்
யாரையும் தொடவிடவில்லை.