இருபத்தோராம் படம்

நொவீனாவில் ஒரு சின்ன அறை. குளிர்.
திரையில் ஒவ்வொன்றாய் முகங்கள்,
கீழே ஆறு சொற்கள்:
மகிழ்ச்சி, துயரம், கோபம்,
பயம், வியப்பு, அருவருப்பு.
"யோசிக்காதீங்க மேடம், பார்த்ததும் சொல்லுங்க."

யாரோ வெள்ளைக்காரர்கள்.
ஒருவர்கூட எங்கள் புளோக்கில் இல்லை.
சிரிப்பு எளிது, பல் தெரிந்தால் சிரிப்பு.
கோபத்தில் பாதி தேறினேன்.
இருபத்தோராம் படத்தில் ஒருத்தி,
வாய் திறந்து, கண்ணில் வெள்ளை அதிகமாக.
வியப்பு என்றேன்.
இருபத்தாறு, முப்பது, முப்பத்து நான்கு,
எல்லாம் வியப்பு.

"நீங்க வியப்புன்னு சொன்னதுல
ஆறு படம் பயம், மேடம்."

பயமா?
எனக்கா தெரியாது பயம்?
சுவா சூ காங் பேருந்து நிலையத்தில்
தொலைந்த பொருள் கவுன்டரில்
யாரோ விட்டுப்போன குடைக்கு எண் ஒட்டும்போது
காரணமே இல்லாமல் வரும்,
பதினொன்றாம் மாடியில் லிஃப்ட் அறுந்த மாதிரி
அடிவயிற்றில் தொடங்கித் தொண்டை வரை.
பிறகு ஒன்றுமில்லை.
பிறகு தரை.
தலைக்கடியில் ரொஹானாவின் மடித்த ஸ்வெட்டர்,
நாக்கில் ரத்த ருசி.

பாதாம்பருப்பு அளவுதான், என்று டாக்டர்
ஸ்கேன் படத்தில் பேனாவால் வட்டமிட்டார்.
என் பயம் கிளம்புவதும் அங்கே,
அடுத்தவர் பயத்தைப் படிப்பதும் அங்கே.
ஓர் அடுப்பு, இரண்டு திரி.
ஒன்றில் பால் பொங்கி வழிகிறது,
மற்றது பற்றவே இல்லை.

முகம் வாடினாள், முகம் கறுத்தாள்,
முகம் கொடுத்துப் பேசவில்லை.
எத்தனை முகம் நம் பேச்சில்!
நாத்தனார் மேகலை மூன்று தீபாவளியாக
முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாளாம்.
மூன்று தீபாவளியும் நான் அவளுக்கு
டப்பா நிறைய முறுக்கு கொடுத்தனுப்பினேன்.

ரயில் உட்லண்ட்ஸ் தாண்டும்போதுதான் எட்டியது.

எழினி.
வீட்டில் நான் விழுந்து கண் விழிக்கும்போதெல்லாம்
முதலில் தெரிவது அவள் முகம்.
வாய் திறந்து, கண்ணில் வெள்ளை அதிகமாக.
அம்மா திரும்பி வந்ததில்
பிள்ளைக்கு எவ்வளவு வியப்பு
என்று நினைத்திருந்தேன்.
ஏழு வருஷம்
அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

மேசையில் கணக்குத் தாள் விரித்திருந்தாள்.
செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்:
"நான் விழும்போது உனக்குப் பயமா இருக்குமா?"
பென்சில் நின்றது.
நிமிர்ந்து பார்த்தாள்.
அவள் முகத்தில் என்னவோ நடந்தது,
மெதுவாக, நிறைய.
ஆறு சொல்லையும் வைத்து வைத்துப் பார்த்தேன்.
எதுவும் பொருந்தவில்லை.

"வாயால சொல்லிடு கண்ணு,
எனக்குப் படிக்கத் தெரியல."